மஞ்சள் கலக்கு

அறிவழகன் வண்ண வண்ணமாய் அனுப்பிய நிரல், நாமக்கல் போய்ச் சேர்ந்தபோது கறுத்துப் போயிருந்தது.

மாமனார் வேலுசாமியின் கோழிப்பண்ணையில் தீனி கலக்கும் எந்திரத்துக்காக அவன் சொந்தமாக ஒரு கணினி மொழியே உண்டாக்கியிருந்தான். அதில் நிறம்தான் இலக்கணம். சிவப்புச் சொல் பெயர் வைக்கும், பச்சைச் சொல் எடுத்து வைக்கும், மஞ்சள் சொல் உடனே செய்து முடிக்கும். இன்று எந்திரத்திலிருந்த நிரல் அழிந்துவிட்டது. 'கம்ப்யூட்டர் மாப்ள' என்று நக்கலடிக்கும் மாமனாரின் வாயை அடைக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று, சூரமங்கலத்தில் உட்கார்ந்தபடியே வாட்ஸப்பில் அனுப்பினான். வாட்ஸப் நிறத்தை உரித்துக்கொண்டு எழுத்தை மட்டும் கொடுத்தது.

"மாப்ள, எந்திரம் அசையவே மாட்டீங்குதுங்க. கோழியெல்லாம் பசியில கத்துது" என்று போனில் கூப்பிட்டார் மாமனார்.

சொல்லுக்கு முன்னால் ஓர் எழுத்து வைத்து அனுப்பினான். சிவப்புக்கு 'சி', பச்சைக்கு 'ப', மஞ்சளுக்கு 'ம'.

"இதென்னங்க, சிதீனி, பசோளம், மகலக்கு? மந்திரமான்னு உங்க அத்தை கேக்கறா. பாத்துப் பாத்து அடிச்சேன். சும்மா நின்ன எந்திரம் இப்பக் கூவுதுங்க!"

எழுத்து வேண்டாம், குறி போதும் என்று நட்சத்திரமும் அடிக்கோடும் போட்டு அனுப்பினான். வாட்ஸப் அவற்றையும் விழுங்கியது.

"பாதி எழுத்து குண்டாயிருச்சு, பாதி சாஞ்சு நிக்குது. போதுங்க மாப்ள! வாயால சொல்லுங்க, அடிச்சுப் போடறோம்."

அறிவழகனுக்குப் போன உயிர் திரும்பியது. வாயால் சொல்லும் நிறத்தை எந்தக் கொம்பனால் உரிக்க முடியும்?

"ஒரு சொல் மாறக்கூடாதுங்க மாமா. சிவப்பு தீனி. பச்சை சோளம். பச்சை தவிடு. மஞ்சள் கலக்கு."

"சோளம் பச்சைதானுங்களா?"

"பச்சையேதானுங்க!"

"மஞ்சளு கட்டாயமுங்களா?"

"அது இல்லாட்டி ஒண்ணுமே நடக்காதுங்க."

"என்னமோ, படிச்சவரு சொல்றீங்க."

சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டான். பின்னால் ஏதோ எந்திரம் இரைந்தது.

"அடிச்சாச்சுங்களா மாமா?"

"அடிச்சாச்சுங்க. கண்ணுல தண்ணியே வந்துருச்சு!"

மாமனார் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்! அறிவழகன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அதற்குள் மாமியார் அங்கம்மாள் போனைப் பிடுங்கினாள்.

"மாப்ள, மஞ்சத்தூள மூட்டையோட கலக்கியாச்சுங்க. செவப்புத் தீனிக்குத்தான் வூட்டு மொளகாத்தூளு பத்தல, இன்னும் ஒரு படி அரைக்கட்டுங்களா?"