துண்டுக்கடியில் கடலை விலை

ஒரு காட்டில் கடலை விலை தாறுமாறாக ஏறிப்போனது. எவ்வளவு உயரம் என்றால், குரங்கே எட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் சாமி என்று இறங்கிவிட்டது. ராஜா கரடியார், விலையெல்லாம் ஏறவில்லை, உங்களுக்குத்தான் பசி கூடிப்போச்சு என்று விளக்கம் சொல்லிவிட்டுத் தேன் நக்கப் போய்விட்டார்.

தேர்தல் வந்தது. நரி தணிகாசலம் மைக்கைப் பிடித்தார்.

"என்னை ஜெயிக்க வைங்க. அப்புறம் விலையேற்றம் உங்க கண்ணுலயே படாது."

முயல் பொன்னுரங்கத்துக்குப் புல்லரித்துவிட்டது. அவன் மனைவி மரகதம் மாசமாக இருந்தாள். வறுத்த கடலை தின்ன ஆசைப்பட்டு நாக்கு ஊறிக் கிடந்தாள். ஓடிப்போய் நரிக்கே ஓட்டைக் குத்தினான்.

நரியும் ஜெயித்தார். மறுநாளே உத்தரவு போட்டார். விலைப்பலகையை எல்லாம் கழற்றிவிட வேண்டும். இனிமேல் மாட்டுச் சந்தைத் தரகர் மாதிரி, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேச வேண்டும். சொன்ன சொல் தவறாத மனுஷன் பாருங்கள், விலை ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

கடைக்கார முள்ளம்பன்றி துண்டைப் போர்த்திக்கொண்டு பொன்னுரங்கத்தின் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கினார். முன்னங்கால் விரல்கள் தீர்ந்துபோய்ப் பின்னங்காலையும் நீட்டச் சொன்னார். பையில் இருந்ததை எல்லாம் கொட்டியும் கிடைத்தது ஒரு கைப்பிடிதான்.

பக்கத்துப் பொந்து அணில் வரிசையில் நின்றபடி என்ன விலை என்று விசாரித்தான். ஏமாந்துட்டேன் என்று எந்த ஆம்பளை ஒத்துக்கொள்வான்? பழைய விலையில் பாதி என்று அளந்துவிட்டான் பொன்னுரங்கம். அணிலும் உள்ளே போய் விரலைக் கொடுத்துவிட்டு வந்து, தனக்குக் கால்வாசிக்கே படிந்தது என்றான். சாயங்காலத்துக்குள் கடலையைச் சும்மாவே வாரிக் கொடுக்கிறார்கள் என்று காடெல்லாம் பேச்சு. அத்தனை பேரும் பட்டினி, ஆனாலும் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

மரகதம் அந்தக் கைப்பிடியைப் பார்த்தாள்.

"ஊருக்கே வாரிக் கொடுக்கிறாங்களாம். எனக்கு மட்டும் இவ்வளவுதானா? நான் உங்களுக்கு அவ்வளவு பாரமாப் போயிட்டேனா?"

அழுதுகொண்டே படுத்துவிட்டாள். அப்போதும் பொன்னுரங்கம் உண்மை விலையைச் சொன்னானா? இல்லையே.

அடுத்த வாரம் நரி பொதுக்கூட்டம் போட்டார். தன் ஆட்சியில் அதிக விலை கொடுத்துக் கடலை வாங்கியவர்கள் இருந்தால் கையைத் தூக்கலாம் என்றார். ஒரு கையும் எழவில்லை. பொன்னுரங்கத்துக்கு மரகதம் அழுதது ஞாபகம் வந்தது. ஆனது ஆகட்டும் என்று கையைத் தூக்கினான். பாதி தூக்கும்போது அணில் திரும்பிப் பார்த்தான். அப்படியே காதைச் சொறிந்துகொண்டான் பொன்னுரங்கம்.

ஒருத்தர்கூட இல்லை என்று நரி கும்பிட்டார். முதலில் கைதட்டியது பொன்னுரங்கம்தான்.

நீதி: விலைவாசியைக் குறைக்க அரசாங்கம் எதற்கு? பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் இருந்தால் போதும்.