சவுனாவுக்குப் பற்றவைத்த வழி

"சவுனாவை அழுத்தினா சலவை அறை வருது. என்னய்யா இது?" கெர்த்து தன் கணினியைத் தைஸ்தோ பக்கம் திருப்பினாள்.

தைஸ்தோ துர்க்கு நகரக் கப்பல் பட்டறையில் இருபது வருஷம் இரும்பைப் பற்றவைத்தவன். முதுகு போன பிறகு கம்ப்யூட்டர் படித்து, கெர்த்துவின் சின்னக் கம்பெனியில் சேர்ந்தான். தகுதிகாண் காலம் இன்றோடு முடிகிறது. அறுபது வீட்டுக் குடியிருப்பு ஒன்றில், வியர்க்க வியர்க்க உட்காரும் சூட்டறையான சவுனாவுக்கும் சலவை அறைக்கும் முறை பதிவு செய்ய அவன் செய்துகொடுத்த இணையதளத்தைப் பற்றிப் பேச இரண்டு மணிக்கு ஆள் வருகிறது.

"மூணு வாரமா ஒருத்தர்கூட புகார் சொல்லலையேங்க?"

"நம்ம ஊர்க்காரன் சொல்வானா? வீடு பத்தி எரிஞ்சாலும் அடுத்தவனைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டு நிப்பான். ரெண்டு மணிக்குள்ள சரி பண்ணு. இல்லாட்டி பட்டறைக்கே போய்ச் சேரு."

பழைய சவுனா பக்கத்துக்கு வருகிறவர்களைப் புதிய பக்கத்துக்கு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அப்படி அனுப்பும்போது பிரவுசருக்கு ஓர் எண்ணும் சொல்ல வேண்டும்; மென்பொருள் தானாகப் போடுவது 302: 'தற்காலிகம், அடுத்த முறையும் கேள்.' பற்றவைத்தவனுக்கு அது பிடிக்குமா? ஒட்டினால் ஒட்டினதுதான் என்று 301 போட்டிருந்தான்: 'நிரந்தரம், இனிக் கேட்காதே.' கொடுத்த முகவரி மட்டும் சலவை அறையுடையது.

முகவரியைத் திருத்தினான். கெர்த்து அழுத்தினாள். சலவை அறை.

"திருத்திட்டேங்க. உங்க பிரவுசர்தான் பழசையே ஞாபகம் வெச்சுக்கிட்டு வந்து கேக்க மாட்டேங்குது."

"கேக்காதேன்னு சொன்னது யாரு?"

சரி, சலவைப் பக்கத்திலேயே வைத்து மடக்குவோம் என்று சொந்தமாக ஓர் எண்ணை உண்டாக்கினான். 399: 'அழுக்குத் துணியோடு வந்தவர் நிற்கவும், மற்றவர் சவுனாவுக்குப் போகவும்.' மென்பொருள் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது. உலகத்தில் எந்தப் பிரவுசருக்கும் அது புரியவில்லை. வெறும் வெள்ளைத் திரை.

"பிரமாதம். இப்ப துவைக்கவும் முடியாது," என்றாள் கெர்த்து.

399ஐ அழித்தான். சலவைப் பக்கத்திலிருந்து பழைய சவுனா பக்கத்துக்கே இன்னொரு 301 போட்டான். சவுனா சலவைக்குத் தள்ள, சலவை சவுனாவுக்குத் தள்ள, இருபது சுற்று சுற்றிவிட்டுப் பிரவுசர் கையை விரித்தது.

மணி ஒன்றரை. கடைசியில்தான் புத்தி வந்தது. இரண்டுக்கும் புத்தம்புது முகவரி வைத்தான். பழையதை மறந்துவிடுங்கள் என்று அறுபது வீட்டுக்கும் குறுஞ்செய்தி அனுப்பினான். கெர்த்து அழுத்தினாள். சவுனா!

"பொழைச்சே, போ," என்றாள்.

சரியாக இரண்டு மணிக்கு, குடியிருப்பைப் பராமரிக்கும் வெய்க்கோ பூட்ஸ் பனியை உதறிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பெட்டி நிறைய இனிப்பு பன்.

"தளம் செஞ்ச புண்ணியவான் யாரு? எங்க ஆளுங்க நன்றி சொல்லிட்டு வரச் சொன்னாங்க."

தைஸ்தோவுக்கு நெஞ்சு விம்மியது. "நான்தாங்க. சவுனாவுக்கே நேரா போற மாதிரி இப்பத்தான் மாத்தினேன். அரை மணியில ஒன்பது வீடு பதிவு பண்ணியாச்சு!"

வெய்க்கோ பன் பெட்டியை மெல்ல இழுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அடப்பாவி, சவுனா அடுப்பு வெடிச்சு மூணு வாரமாச்சு, அது தெரிஞ்சுதான் நீ எங்களைச் சலவை அறைக்கு அனுப்புறேன்னு நினைச்சு, அங்க துணி காயவைக்கிற சூட்டறையில அறுபது வீடும் முறைவெச்சு துண்டோட உக்காந்துக்கிட்டிருக்கோமேய்யா!"