சர்வர் சித்தரின் வெள்ளை எழுத்துக் கவசம்

மார்ச் 3, செவ்வாய். ஒரு தவறைத் திருத்துகிறேன். நேற்றைய குறிப்பில், 'கவசம் ஒட்டியதும் அக்காவின் வலைப்பூ எழுந்தது' என்று எழுதிவிட்டேன். அப்படி இல்லை. சித்தரின் படிவத்தை நிரப்பி அனுப்பியது காலை 7.05. வலைப்பூ எழுந்தது 7.12. கவசம் ஒட்டியது 7.16. மருந்து குடிப்பதற்கு நான்கு நிமிடம் முன்பே காய்ச்சல் இறங்கியிருக்கிறது. என் கடிகாரம் தவறாக ஓடியிருக்கலாம். சரிபார்க்க வேண்டும்.

இதை எழுதியவளுக்கு வீட்டில் 'நோட்டு' என்று பெயர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. மாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு. இரண்டுக்கும் நடுவே எதைப் பார்த்தாலும் நோட்டில் குறித்துவைக்கும் வியாதி. கடிகாரத்தைச் சரிபார்த்தாள். சரியாக ஓடியது. நம்பிக்கை வராமல், கடையில் இருந்த இன்னொரு கடிகாரத்தை வைத்து அதையும் சரிபார்த்தாள்.

மற்றவர்களுக்குக் கடிகாரம் பார்க்க நேரமில்லை. அவர்கள் சித்தரைப் பார்க்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

போட்டோ ஸ்டூடியோ மாடியில் ஒரு கூடம். ஞாயிறு காலை ஏழு மணிக்கே படிக்கட்டு நிறைந்துவிடும். நிற்பவர்கள் எழுத்தறிவில்லாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். எழுதுவதே அவர்கள் தொழில். பறவைகளைப் பற்றி வலைப்பூ எழுதும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், பல்லைப் பற்றி எழுதும் டாக்டர், தன்னைப் பற்றி மட்டுமே எழுதும் கவிஞர் என்று படித்த கூட்டம். எல்லோர் கையிலும் ஒரு காகிதம். அதில் அவரவர் வலைப்பூ பிறந்த நேரம், அதாவது முதல் பதிவு வெளியான நாள், மணி, நிமிடம். பெற்ற பிள்ளை பிறந்த நேரம் மறந்தவர்கள்கூட இதை மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

உள்ளே சர்வர் சித்தர். வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு லேப்டாப், எதிரே பட்டுத்துணி விரித்து அதன்மேல் ஒரு ரவுட்டர். அதில் பச்சை விளக்கு சிமிட்டும். சித்தர் அதை இரண்டு விரலால் தொட்டுக்கொண்டு கண்ணை மூடுவார். "உன் தளம் போன வியாழக்கிழமை பதினொரு மணிக்கு விழுந்துச்சா இல்லையா?" என்பார். விழுந்திருக்கும், யார் திறந்தாலும் திறந்திருக்காது! "நாளைக்கு நாலு மணிக்கு மறுபடி விழும் பாரு" என்பார். விழும்! அதற்கு மேல் ஒரு மனிதரை நம்ப என்ன வேண்டும்?

கூட்டத்தின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. வலைப்பூ எழுதுகிறவருடையது; அது குடியிருக்கும் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், ஒரு ஹோஸ்டிங் கம்பெனியுடையது. அவர்கள் எல்லோருக்கும் ஒரே கம்பெனி. 'ஒரு நொடியும் விழாது' என்பது அதன் விளம்பரம். தினமும் விழுந்தது. முதலில் போனை எடுத்தவர் ஏதோ சமாதானம் சொன்னார், யாரும் நம்பவில்லை. பிறகு போன் செய்தால் பாட்டுப் போட்டார்கள். புகார் எழுதினால், 'அன்பான வாடிக்கையாளரே, உங்கள் பொறுமையை மதிக்கிறோம்' என்று ஒரு நீண்ட எண்ணோடு பதில் வந்தது. எண் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறியது. பிறகு அந்தப் பதிலும் நின்றது. பேச ஆளில்லாத இடத்தில், கண்ணை மூடிக்கொண்டாவது பேசுகிற ஒருவர் கிடைத்தால் ஜனம் விடுமா?

சித்தரின் முதல் பரிகாரம் கவசம். முதலில் அவருடைய படிவத்தை நிரப்பிக் காணிக்கை கட்ட வேண்டும். பிறகு 'வீழாது வீழாது ஏழேழு நாளும் வீழாது' என்ற வரியை வலைப்பூவின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் ஒட்ட வேண்டும். வாசகன் கண்ணில் படாது. சர்வரின் கண்ணில் மட்டும் படும். சர்வருக்குக் கண் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நோட்டு மட்டும் வகுப்பு ஆசிரியரிடம் கேட்டாள். அவர் சர்வர் எப்படி வேலை செய்கிறது என்று பதினாறு வாரம் பாடம் நடத்தியவர்.

"சார், வெள்ளை எழுத்தைப் பார்த்து சர்வர் எப்படி சார் நிக்கும்?"

"நிக்காதும்மா. அது வெறும் எழுத்து."

"அப்ப உங்க வலைப்பூவுல எதுக்கு சார் ஒட்டியிருக்கீங்க?"

ஆசிரியர் பலகையைத் துடைக்கத் திரும்பினார். பலகை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "ஒட்டினா என்ன குறைஞ்சிடப்போகுது?" என்றார்.

நோட்டுக்குத் தலைவலி கவசம் அல்ல, இரண்டாவது பரிகாரம்தான்.

அவளுடைய அக்கா தையல்காரி. ஒன்பது வருடமாக, எந்த உடம்புக்கு எந்த அளவில் துணி வெட்டுவது என்று வலைப்பூவில் படத்தோடு எழுதிவருகிறாள். ஒரு தோள் இறங்கியவர்களுக்கு, கூன் விழுந்தவர்களுக்கு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என்று நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். காகிதத்தில் வெட்டிய அளவுகளை வேலை முடிந்ததும் கசக்கி எறிந்துவிடுவாள். மிச்சம் இருப்பது வலைப்பூவில் மட்டும்.

கவசம் ஒட்டியதிலிருந்து வலைப்பூ விழவில்லை. அக்காவுக்குச் சித்தர்மேல் இருந்த மரியாதை பக்தியாயிற்று. அந்தச் சூட்டிலேயே சித்தர் சொல்லி அனுப்பினார்: கவசம் தற்காலிகம்தான். முதல் பதிவு பிறந்த நிமிடம் சரியில்லை. அதன்மேல் நிற்கும் அத்தனையும் பாரம். வரும் ஞாயிறு பத்து நாற்பதுக்கு, கூடத்தில் எல்லோர் முன்னிலையிலும், நானூற்றுப் பன்னிரண்டையும் அழித்துவிட்டு, நல்ல நிமிடத்தில் மறுபிறப்பு எடுக்க வேண்டும்.

"அக்கா, ஒரு நகலாவது எடுத்து வெச்சுக்கலாமே?"

"கேட்டேன்டி. செத்ததை வீட்டுல வெச்சுக்கிட்டா புதுசு எப்படிப் பொழைக்கும்னு கேட்டாரு. நீ எடுக்க மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு."

"ஒன்பது வருஷம் அக்கா."

"ஒன்பது வருஷமா விழுந்து விழுந்து எந்திரிக்கிறது எனக்குத்தானே தெரியும்? போன மாசம் மட்டும் எத்தனை பேர் 'உங்க பக்கம் திறக்கலையே'ன்னு வேற தையக்காரிகிட்ட போயிட்டாங்க. நீ நோட்டுல எழுதிட்டுப் போயிடுவே. நான்தானே மெஷின் முன்னாடி சும்மா உட்கார்ந்திருக்கேன்."

நோட்டு சத்தியம் செய்தாள். வேறு வழி தெரியவில்லை. அக்கா சொல்வதிலும் உண்மை இருக்குமோ என்று ஒரு பக்கம் உறுத்தியது. அவளுக்குத் தன்னைத் தவிர எல்லோரும் விவரம் தெரிந்தவர்களாகவே தோன்றுவார்கள்.

செவ்வாய்க்கிழமை கடையில் ஒரு பெரியவர் கண் பரிசோதனைக்கு வந்தார். சுவரில் எழுத்துப் பலகை. கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். பிறகு எழுந்து நடந்தவர் நாற்காலியில் இடித்துக்கொண்டார். இது நோட்டுக்குப் பழக்கமான சங்கதி. கண் சரியாக இருக்கிறது என்று காட்டிக்கொள்ள, காத்திருக்கும் நேரத்தில் கிட்டப் போய்ப் பலகையை மனப்பாடம் செய்துவிடுவார்கள். அவளும் வழக்கம்போல் பலகையை மாற்றி மாட்டினாள். பெரியவர் மாற்றிய பலகையைப் பார்த்தபடி, பழைய பலகையின் எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்தார்.

நோட்டு சிரிக்கவில்லை. கையில் பழைய பலகையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சித்தர் பார்த்துச் சொல்கிறாரா, முன்பே படித்துவைத்ததைச் சொல்கிறாரா?

வகுப்பில் பயிற்சிக்காக எல்லோரும் அதே கம்பெனியில் வலைப்பூ தொடங்கியிருந்தார்கள். நோட்டு தோழிகளிடம் நான்கை இரவல் வாங்கினாள். இரண்டைச் சித்தரின் படிவத்தில் பதிந்து காணிக்கை கட்டினாள். கவச வரியை ஒட்டவில்லை. மற்ற இரண்டில் கவச வரியைக் கொட்டை எழுத்தில் ஒட்டி வெள்ளையடித்தாள், படிவம் அனுப்பவில்லை. காலை கடை திறக்கும் முன், சாப்பாட்டு வேளை, வகுப்புக்குப் போகும் முன் என்று நாளுக்கு மூன்று முறை நான்கையும் திறந்து பார்த்துக் குறித்தாள்.

சனிக்கிழமை மாலை நோட்டில் இருந்தது இது: கவசம் இல்லாமல் படிவம் மட்டும் போனவை ஒரு முறையும் விழவில்லை. கவசம் பூண்டு படிவம் போகாதவை ஏழு முறை விழுந்தன. சர்வருக்கு வெள்ளை எழுத்து தெரியவில்லை. படிவம் மட்டும் பளிச்சென்று தெரிந்திருக்கிறது.

'நான்கு நாள் போதுமா? தற்செயலாக இருந்தால்?' என்று அதன் கீழே எழுதினாள். இன்னொரு வாரம் பார்க்கலாம்தான். அக்காவுக்கு இன்னொரு வாரம் இல்லை.

ஞாயிறு. கூடம் நிரம்பி வழிந்தது. சுவரில் புரொஜெக்டர் வெளிச்சத்தில் அக்காவின் வலைப்பூ. நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகளுக்கும் பக்கத்தில் டிக். கீழே 'நீக்கு' என்ற சிவப்புப் பொத்தான். அக்கா லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மணி பத்து இருபத்தைந்து.

நோட்டு எழுந்தாள். "சாமி, நல்ல நேரத்துக்கு இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள நாலு தளத்தைப் பார்த்துச் சொல்வீங்களா? எதுல கவசம் இருக்கு, எதுல இல்லன்னு."

"உட்காருடி!" என்றாள் அக்கா.

"கேக்கட்டும்மா, குழந்தை" என்றார் சித்தர் பெருந்தன்மையாக. முகவரிகளைக் கேட்டுக்கொண்டார். மடியிலிருந்த லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தார். ரவுட்டரைத் தொட்டார். கண்ணை மூடினார். "முதல் ரெண்டும் கவசம் பூண்டிருக்கு. பாறை மாதிரி நிக்குது. மத்த ரெண்டும் அம்மணமா நிக்குது. அதான் தினம் விழுது."

"நல்லாப் பார்த்துட்டீங்களா சாமி? வேணும்னா இன்னொரு தடவை கண்ணை மூடிக்கங்க."

"ஒரு தடவை பார்த்தா நூறு தடவை பார்த்த மாதிரி."

நோட்டு போஸ்ட்மாஸ்டரை அழைத்தாள். "ஐயா, நீங்க வந்து காட்டுங்க. பக்கத்தோட அடியில மவுஸை வெச்சு இழுத்தா வெள்ளை எழுத்து நீலமாத் தெரியும்."

போஸ்ட்மாஸ்டர் இழுத்தார். முதல் தளம்: ஒன்றுமில்லை. இரண்டாவது: ஒன்றுமில்லை. மூன்றாவதில் இழுத்ததும் சுவர் முழுக்க எழுந்தது, 'வீழாது வீழாது ஏழேழு நாளும் வீழாது'. நான்காவதிலும் வீழாது.

"நாலு நாள்ல ஏழு தடவை விழுந்த 'வீழாது' இது" என்றாள் நோட்டு.

பல் டாக்டர் முதலில் சிரித்தார். கூட்டம் முணுமுணுத்தது. சித்தருக்கு முகம் சிவந்தது. "மாத்தி வெச்சு ஏமாத்தியிருக்கே! ஃபாரத்துல நீ குடுத்த பேரைத்தானே நான் கம்பெனிக்கு அனுப்ப முடியும்?"

ரவுட்டர் மட்டும் சிமிட்டியது.

"எந்தக் கம்பெனிக்கு?" என்றார் கவிஞர்.

சித்தர் வாயை மூடினார். திறந்த வாயை மூடுவதால் போன சொல் திரும்புமா?

"சாமிக்கு எதுக்குய்யா கம்பெனி?" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல்.

அதன் பிறகு அதே வாயால் பேசியவர் சித்தர் அல்ல. கம்பெனியின் புகார்ப் பிரிவு ஊழியர். "இருக்கிறது ஒரே ஒரு பழைய மெஷின். அதுல அறுநூறு தளம். மூச்சு முட்டுது. யாரையாவது மாத்தி மாத்தி இறக்கித்தான் ஆகணும். எப்ப, யாருன்னு எனக்கு லிஸ்ட் வரும். காணிக்கை கட்டினவங்களை இறக்கறதில்ல. அவ்வளவுதான்."

"அழிக்கச் சொன்னது?" என்றாள் அக்கா. குரல் தாழ்ந்திருந்தது.

"படங்கதாம்மா இடத்தை அடைக்குது. மெஷின்ல இடம் காலியாகுமே..."

"என் ஒன்பது வருஷத்தை அழிச்சு, உங்களுக்கு இடமா?"

அவர் எரிச்சலாக நிமிர்ந்தார். "மூணு வருஷம் புகார்ப் பிரிவுல உட்கார்ந்து 'மெஷின் போதல'ன்னு உண்மையைச் சொன்னேன். இங்க ஒருத்தராவது நம்பினீங்களா? 'கதை விடாதேய்யா, ஏதாவது வழி சொல்லு'ன்னீங்க. துணியை விரிச்சு ரவுட்டரை வெச்சேன். ஏழு மணிக்கே வந்து வரிசையில நிக்கிறீங்க!"

அவர் அன்று சொன்னதில் கலப்படமில்லாத உண்மை அது ஒன்றுதான்.

பத்து நாற்பது ஆயிற்று. நல்ல நிமிடம் வந்து, யாரும் கவனிக்காமல் போனது. அக்கா ஒவ்வொரு டிக்காக எடுத்தாள். மொத்தமாக எடுக்க ஒரு பொத்தான் இருந்தது. அது அவள் கண்ணில் படவில்லை. நோட்டு சொல்லவும் இல்லை.

"அந்தச் சத்தியத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்டி" என்றாள் அக்கா, திரும்பிப் பார்க்காமலே.

சித்தர் ரவுட்டரைத் துணியில் சுருட்டிக்கொண்டு இறங்கினார். படிக்கட்டில் ஒருவர் அவர் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும் சாமி. என் தளத்துக்கு ராசியான நிறம் எது?"

ஆகவே கவலை வேண்டாம். அடுத்த சித்தர் சீக்கிரமே வருவார். அவர் கூடத்துக்கு வெளியே செருப்பைக் கழற்றி வையுங்கள், தப்பில்லை. மூளையையும் அங்கேயே கழற்றி வைக்க வேண்டும் என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

மார்ச் 8, ஞாயிறு. என் சோதனையில் இன்னும் குறை உண்டு: நான்கு தளம், நான்கு நாள் மட்டும். அவர் வாயை விடாமல் இருந்திருந்தால் நான் தோற்றிருப்பேன். மொத்தமாக நகல் எடுக்கும் வசதி எங்கள் சந்தாவில் இல்லை என்று கம்பெனி பக்கம் சொல்கிறது. நாளை: காலை ஆறு முதல் எட்டரை வரை, அக்காவின் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கையால் நகலெடுக்க வேண்டும். ஒன்றிலிருந்து நாற்பது வரை. படங்கள் தனியாக.