இடப்பக்கம் பந்து கொடுக்காத கார்மேகம்

ராஸ் அல் கைமா,
நவம்பர் 1996, சனிக்கிழமை.

மரியாதைக்குரிய ஞானசிகாமணி அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் இஸ்ரவேல் பணிவான தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நான் இங்கே சுகம். நீங்களும் அக்காளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க தினமும் ஜெபிக்கிறேன். அக்காளின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? இங்கே வெயில் இறங்கிவிட்டது. வெயில் இறங்கினால் ஏசி பழுதாகாது, ஏசி பழுதாகாவிட்டால் எனக்கு வேலை இருக்காது. சும்மா இருந்தவனுக்கு வந்த வினையைத்தான் எழுதப் போகிறேன். நீங்கள் உடற்பயிற்சி ஆசிரியர், மாவட்டக் கபடிக்கே நடுவராக நின்றவர். உங்களைக் கேட்காமல் யாரைக் கேட்பேன்?

எங்கள் கல்குவாரிக்கு மேனேஜர் டாசன் என்கிற வெள்ளைக்காரர். ஒர்க்ஷாப்புக்குப் பெரியவர் பிக்கரிங் என்கிற இன்னொரு வெள்ளைக்காரர். இருவரும் இங்கிலாந்தின் வடக்கே பக்கத்துப் பக்கத்து மாகாணம், ஆகவே ஒருவருக்கொருவர் ஆகாது. ஊரிலிருந்து வரும் வீடியோ கேசட்டைப் போட்டு ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம் பார்ப்பார்கள். அவர்கள் கிளப் அறையில் ஏசிக்கு கேஸ் நிரப்பப் போன அன்று ஏணியில் நின்றபடி நானும் பார்த்தேன். அத்தான், முன்னால் ஓட வேண்டியவர்கள் பந்தைப் பின்னால்தான் எறிகிறார்கள்! முன்னால் இருப்பவனுக்குக் கையால் கொடுத்தால் குற்றமாம். எனக்கு வந்த ஆச்சரியத்தில் கேஸ் நிரம்பியதைக்கூடக் கவனிக்கவில்லை. இது டிவியில் காட்டுகிற அந்த ரக்பிதானே என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்று இருவரும் ஒரே குரலில் என் மேல் பாய்ந்தார்கள். இருவரும் ஒத்துப்போய் நான் கண்டது அது ஒன்றைத்தான். மற்றபடி கேசட்டை நிறுத்திப் பின்னோக்கி ஓட்டி, எப்போதோ முடிந்துபோன ஆட்டத்தின் நடுவரை இவர் அயோக்கியன் என்பார், அவர் உத்தமன் என்பார்.

இதோடு நிற்காமல் குவாரிக்குப் பின்னால் மணல் அடித்து மைதானம் போட்டார்கள். சுண்ணாம்புக்கல் பொடியில் கோடு, சாரக்குழாயில் கம்பம். வெள்ளிக்கிழமை தோறும் டாசன் அணிக்கும் பிக்கரிங் அணிக்கும் ஆட்டம். வெள்ளைக்காரர்கள் போதாமல் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து பாகிஸ்தான் பட்டாணிகளையும் நம்மவர்களையும் சேர்த்தார்கள். யார் நடுவர் என்பதில் ஒரு வாரம் சண்டை நடந்து, கடைசியில் பிக்கரிங் என்னைக் கைகாட்டினார். "இவனுக்கு ஆட்டமே தெரியாது. தெரியாதவன் எப்படிக் கள்ளத்தனம் பண்ணுவான்?" என்றாராம். இது எனக்குப் பெருமையா சிறுமையா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

இப்போது கார்மேகத்துக்கு வருகிறேன். முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன், கல் உடைக்கும் கிரஷரில் வேலை, ஊரில் பெரிய கபடிக்காரன். டாசன் அணியில் இருந்தான். பந்து கைக்கு வந்தால் நாலு பேர் சேர்ந்தாலும் அவனைச் சாய்க்க முடியாது. ஆனால் இடப்பக்கம் எவன் காத்து நின்றாலும் பந்தைக் கொடுக்கவே மாட்டான். இடப்பக்கம் ஓடிவருவது பெரும்பாலும் டாசன்! மேனேஜர் கையை நீட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு கூடவே ஓடுவார். இவன் திரும்பியும் பார்க்க மாட்டான். "பாஸ் குடுக்கிறதுக்கு என்னலே?" என்று கேட்டேன். "கபடியில ஒத்தையா போயி ஒத்தையாத்தான வாரோம்ணே, இதுல மட்டும் எதுக்கு?" என்று சிரித்தான். இந்த ஒரு விஷயத்தை வைத்துக் கேம்ப்பே இரண்டுபட்டது. திமிர் பிடித்தவன் என்றது ஒரு கட்சி. டாசன் கையில் கொடுத்தால் கீழே போட்டுவிடுவார் என்று தெரிந்த புத்திசாலி என்றது மறு கட்சி. கேம்ப் வாசலில் கடை வைத்திருக்கிற காயல்பட்டினத்து யஹ்யா காக்கா, "மேனேஜர்ட்ட திட்டு வாங்குனவன் எவனும் அவருக்குப் பந்து குடுப்பானா?" என்று புதுசாக ஒன்றைக் கிளப்பினார்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் விசில் ஊதிய பிறகும் கார்மேகம் நிற்காமல் ஓடினான். திரும்ப ஊதினேன், ஓடினான். பிடிக்க வந்தவனைத் தள்ளிவிட்டும் ஓடினான். நடுவரை மதிக்காதவனை வெளியே அனுப்பு என்று பிக்கரிங் குதித்தார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, அனுப்பிவிட்டேன். அவன் ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு போய் வெளியே உட்கார்ந்தான். டாசன் அணி தோற்றது. "உனக்கு அடுத்த லீவு எப்போது?" என்று டாசன் என்னிடம் ரொம்ப மெதுவாகக் கேட்டார். லீவில் கை வைக்கப் போகிறார் என்று அப்போதே புரிந்தது.

அன்று மத்தியானம் மெஸ்ஸில் கார்மேகத்துக்கு இடப்பக்கம் எனக்கு இடம் கிடைத்தது. "அந்த ஊறுகாயை எடுப்பா" என்றேன். அசையவில்லை. கோபமாக இருக்கிறான் என்று நினைத்து இன்னும் தன்மையாகக் கேட்டேன். அப்போதும் இல்லை. அவனுக்கு வலப்பக்கம் இருந்த, கிரஷரில் கூட வேலை பார்க்கிற மாயாண்டி, "ஊறுகா" என்று முணுமுணுத்தான். உடனே எடுத்துக் கொடுத்தான். எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. எழுந்து போய் வலப்பக்கம் குனிந்து, "ஏலே, உனக்கு அந்தக் காது கேக்குமா?" என்றேன். அவன் முகம் வெளுத்துப்போயிற்று. என்னை வெளியே தண்ணீர்த் தொட்டி மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"கிரஷர் சத்தம்ணே. வந்ததிலிருந்து அந்தப் பக்கமாவே நிக்கேன். இப்ப அந்தக் காதுல ஒண்ணுமே விழுகல. யார்ட்டயும் சொல்லிறாதீங்க. மெடிக்கல்ல அன்ஃபிட்னு போட்டா விசாவக் கேன்சல் அடிச்சு ஊருக்கு அனுப்பிருவாய்ங்க" என்றான்.

"நான் விசில் ஊதினது?"

"நீங்க அந்தப் பக்கமா நின்னு ஊதிருப்பீங்க, ஆளுக கத்துற சத்தத்துல சத்தியமா கேக்கலண்ணே. என்னயப் பிடிக்கத்தான் ஓடியாராங்கன்னு நெனச்சேன்."

அத்தான், பாதிக் கேம்ப் திமிர் என்று பேசியது இதைத்தானா? அன்று முழுவதும் யோசித்து, மறுநாள் டாசன் அறைக்குப் போனேன். எங்கள் நாட்டுக் கபடிக்காரர்களை இடது ஓரத்துக் கோட்டில் நிறுத்தினால்தான் ஆட்டம் பிடிபடும் என்று ஒரு பொய் சொன்னேன். அந்த ஓரத்தில் நின்றால் கூட்டாளிகள், நடுவர், விசில் எல்லாமே அவனுக்கு வலப்பக்கம்தானே! அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்?" என்றார். "பழக்கம் சார்" என்றேன். நம்பினாரோ இல்லையோ, நிறுத்தினார்.

நேற்று வெள்ளிக்கிழமை. ஆட்டம் முடிகிற நேரம், சமநிலை. கார்மேகம் ஓரக்கோட்டை ஒட்டிப் பறந்தான். இரண்டு பட்டாணிகள் இடுப்பில் தொங்குகிறார்கள். வலப்பக்கம் டாசன் கத்தினார். கார்மேகம் திரும்பிப் பார்த்து, முதல்முறையாகப் பந்தைக் கொடுத்தான். டாசன் அதைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் குப்புற விழுந்தார்; அப்படி விழுந்தால்தான் புள்ளி. கேம்ப்பே எழுந்து கூத்தாடியது. பிக்கரிங் மட்டும் என் முன்னால் வந்து நின்றார். பந்து முன்னால் போயிற்றாம், செல்லாதாம். பின்னால்தான் போயிற்று என்று டாசன் வாயில் மணலோடு கத்துகிறார். எனக்கானால் புழுதியில் ஒன்றுமே தெரியவில்லை. கார்மேகம் முகத்தைப் பார்த்தேன். செல்லும் என்று ஊதிவிட்டேன். பிரியாணி ஆறிப்போகும் வரைக்கும் சண்டை ஓயவில்லை.

இப்போது என் கேள்வி இதுதான். நான் பந்தைப் பார்த்து ஊதினேனா, அவன் காதைப் பார்த்து ஊதினேனா? ஓர் ஆட்டக்காரனின் ரகசியம் தெரிந்த நடுவர் விசிலைத் தொடலாமா? நீங்கள் எத்தனையோ ஆட்டம் ஊதியவர், மனதில் உள்ளதை மறைக்காமல் எழுதுங்கள். திருநெல்வேலியில் நல்ல காது டாக்டர் இருந்தால் பெயர் சொல்லாமல் விசாரியுங்கள். விஷயம் அக்காளுக்குக்கூடத் தெரிய வேண்டாம். அக்காளுக்குத் தெரிந்தால் என் வீட்டுக்காரி தேவகனிக்குத் தெரியும், அவளுக்குத் தெரிந்தது சபைக்கே தெரியும். அக்காளுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம், பெரியவர்களுக்குத் தோத்திரம். நம் எல்லாரையும் ஆண்டவர் தமது செட்டையின் நிழலில் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
இஸ்ரவேல்.

பின்குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே கண்ட ரகசியம் இனி ரகசியம் இல்லை, அக்காளிடம் தாராளமாகச் சொல்லலாம். இன்று ஒர்க்ஷாப்பில் எல்லார் முன்னாலும் பிக்கரிங் என்னைப் பிடித்துக்கொண்டார். மேனேஜருக்குப் பயந்து ஊதிய நடுவர் என்றார். கார்மேகத்துக்குப் பொறுக்கவில்லை. நடுவில் புகுந்து, இடக்காதைக் கையால் பொத்திக்கொண்டு, "சாப், இஸ்ரவேல் அச்சா ஆத்மி! மேரா லெஃப்ட் கான் மாஃபி!" என்று, நான் நல்லவன் என்பதையும் தன் இடக்காது போய்விட்டது என்பதையும் சேர்த்தே போட்டு உடைத்துவிட்டான். சத்தம் கேட்டு டாசனும் வந்து நின்றிருந்தார். அவர் அவன் பக்கத்தில் போய் அந்தக் காதை உற்றுப் பார்த்தார். கேன்சல் இல்லை என்றார். அவனைக் கிரஷரிலிருந்து எடுத்து எடைமேடை டியூட்டிக்குப் போடச் சொன்னார். உடனே மாயாண்டியும் இன்னும் சிலரும் எனக்கும் கேட்கவில்லை சாப் என்று முன்னால் வந்தார்கள். திங்கட்கிழமை டாக்டர் வருகிறார், எல்லாருக்கும் காது மூடி வருகிறது. ஆகவே டாக்டரை விசாரிக்க வேண்டாம். என் கேள்விக்கும் பதில் எழுத வேண்டாம். கார்மேகமே பதில் சொல்லிவிட்டான். என்னைத் தனியே கூப்பிட்டு, "அண்ணே, எனக்குக் காதுதான் கேக்காது, கண்ணு நல்லாத் தெரியும். பந்து முன்னாடிதாம்ணே போச்சு" என்றான்.