பல்ஸ் மாஸ்டரும் நாலு மணி நேரமும்

பழவேற்காட்டில் பல்ஸ் மாஸ்டரிடம் மணிக்கட்டைக் கொடுக்காமல் தப்பித்தவர் ஒருவரும் கிடையாது. ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர் ஒருவர் கும்பிட்ட கையோடு அவருடைய எஞ்சின் ஷெட்டுக்குள் நுழைந்தார். மாஸ்டர் அந்தக் கும்பிட்ட கைகளைப் பிரித்து, ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அரை நிமிடம் நின்றார். கூட வந்தவர்கள் கோஷத்தை நிறுத்திவிட்டார்கள்.

"நூத்திப் பன்னெண்டு. தலைவரே, ஓட்டு எங்கயும் போவாது. அஞ்சு நிமிஷம் குந்துங்க."

வேட்பாளர் பயந்துபோய் உட்கார்ந்தார். எழுந்து போகும்போது அவர் மணிக்கட்டில் மூன்று விரல் கிரீஸ் இருந்தது. அந்தக் கறையை வைத்தே அன்றைக்கு ஊரில் யார் யார் அகப்பட்டார்கள் என்று சொல்லிவிடலாம். கல்யாண மேடையில் மாப்பிள்ளை கையில்கூட ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

மாஸ்டருக்குத் தொழில் படகு எஞ்சின் பழுது பார்ப்பது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். ஐம்பது வயதில் ஒருநாள் நெஞ்சு வலி என்று பொன்னேரிக்குப் போனார். டாக்டர், "வாயுதான், தினமும் நடங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவருக்கு நம்பிக்கை வரவில்லை. வாயு என்றால் எதற்கு நடக்கச் சொல்ல வேண்டும்? பயத்தில் நடக்க ஆரம்பித்தார். பயத்தில் செல்போனில் படிக்க ஆரம்பித்தார். நடை ஓட்டமாகி, ஓட்டம் சென்னையில் இருபத்தொரு கிலோமீட்டர் பந்தயம் வரைக்கும் போய்விட்டது. அவர் முடிக்கும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் வழிநெடுகத் தண்ணீர் கொடுத்த பிள்ளைகள் அத்தனை பேருடைய சொந்த ஊரும் அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு எடத்துலயும் எனக்கு மூச்சு வாங்கல" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது வனக்காவலர் வேலைக்காக. எழுத்துத் தேர்வில் தேறினாலும் நடைத் தேர்வு ஒன்று உண்டு: நாலு மணி நேரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர். பெயர்தான் நடை, ஓடினாலும் தடையில்லை. முதல் தடவை நான் புறப்பட்ட வேகத்தில் ஐந்து கிலோமீட்டர் வரை எனக்கு முன்னால் ஆளே இல்லை. பதினெட்டாவதில் தொடை பிடித்துக்கொண்டு சாலையோரம் விழுந்தேன். இரண்டாவது தடவைதான் என் வயதுக்குக் கடைசி. பழவேற்காட்டில் நான் வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டு, மற்றவர்களின் வேலை விண்ணப்பங்களை நகல் எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவர்கள் பிறந்த வருஷத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.

முதல் நாள் விடிகாலை திருப்பாலைவனம் போகிற சாலையில் என்னை நிறுத்தினார்.

"ஓடு நைனா. ஆனா பேசிக்கினே ஓடு."

"இன்னா பேசறது மாஸ்டர்?"

"எதனா பேசு. ஏரியில கெடைக்கிற மீனு பேரெல்லாம் சொல்லு."

மடவை, கொடுவா, கிழங்கான் என்று மூன்று மீன் சொல்வதற்குள் எனக்கு மூச்சு இரைத்தது.

"நட" என்றார்.

ஒரு மாதம் இப்படித்தான். மூச்சு வாங்கினால் நடக்க வேண்டும், வாங்காவிட்டால் மெல்ல ஓட வேண்டும். கூடையில் மீன் வைத்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போகிற பெண்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஒரு அம்மாள் நின்று, "ஒடம்புக்கு இன்னா தம்பி?" என்று விசாரித்தார்.

மாஸ்டருக்கு வெட்கமே கிடையாது. "புது எஞ்சின வாங்கின அன்னைக்கே முழு வேகத்துல வுட்டா இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

"சூடாவும்."

"பிஸ்டன் கடிச்சிக்கும். மொதல்ல மெதுவா, மணிக்கணக்கா ஓட்டணும். ஒடம்பும் அப்டித்தான். மெதுவா போனா கொழுப்ப எரிச்சி ஓடக் கத்துக்கும். கொழுப்பு தீரவே தீராது. வேகமா போனா சக்கரைய எரிக்கும். சக்கரை உன்கிட்ட பதினெட்டு கிலோமீட்டருக்குத்தான் கீது. அத்த நீயே விழுந்து காட்டிட்டே."

பேச்சு சரியாகத்தான் இருந்தது. எனக்குத் தூக்கம்தான் வரவில்லை. ஏனென்றால் திருப்பாலைவனத்து சேகரும் அதே தேர்வுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். நெல் விவசாயி மகன், குதிரை மாதிரி உடம்பு. தினமும் எதிரில் புழுதி கிளப்பிக்கொண்டு வருவான். "இன்னாண்ணே, ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போவான். ஒரு மெக்கானிக்கின் பேச்சைக் கேட்டு என் கடைசி வாய்ப்பைத் தொலைக்கிறேனோ?

ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல், பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் பத்து கிலோமீட்டர் முழு வேகத்தில் ஓடித் தீர்த்தேன். மறுநாள் காலை மாஸ்டர் முன்னால் நின்றேன். தூங்கி எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணி அவரிடம் சொல்ல வேண்டும் என்பது சட்டம். என் கணக்கு வழக்கமாக அறுபத்திரண்டு. அன்றைக்கு எழுபத்தைந்து.

"அறுவத்தி ரெண்டு மாஸ்டர்."

"கையக் குடு."

அரை நிமிடம் எண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார். "ரோட்ல ஓடினியா, கடலோரமாவா? அத்த மட்டும் சொல்லு."

"கடலோரமா."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் வெளிறிவிட்டது. "நீ பாட்டுக்கு எங்கனா விழுந்துட்டா, உங்க அம்மாக்கு நான் இன்னா நைனா பதில் சொல்வேன்? நான் டாக்டரா? ஸ்பேனர் புடிக்கிறவன். எனக்கே ராத்திரில தூக்கம் வர்றதில்ல."

அப்போதுதான் தெரிந்தது, என்னைவிட அதிகம் பயந்திருந்தவர் அவர்தான். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் ஒருவரை ஒருவர் நம்பி ஓடிக்கொண்டிருந்தோம்.

மூன்று நாள் ஓய்வு என்றார். அதோடு விடாமல், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஏரிக்கரையோரம் தோணிரேவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அம்மா ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். அப்போதுதான் நனைந்த புடவையோடு கரையேறி, இடுப்பில் கட்டியிருந்த கூடையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வந்த காரியத்தை மறந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். கையை மாற்றி எண்ணினார்.

"அம்பது" என்றார். "யக்கா, தினம் எவ்ளோ நேரம் ஏரியில கீறே?"

"அஞ்சு மணி, ஆறு மணி நேரம். தண்ணியப் பொறுத்து."

"நடுவுல மூச்சு வாங்குமா?"

"வாங்கினா எப்டி இறா புடிக்கிறது? பக்கத்துல கீறவங்களோட ஊர்க்கதை பேசிக்கினேதான் புடிப்போம்."

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்தது. "கேட்டியா? பேசிக்கினேன்னு சொல்றாங்க. நான் செல்போன்ல படிச்சத உங்க அம்மா செஞ்சிக்கினு கீறாங்க. யக்கா, நீ ஒலிம்பிக்குக்குப் போயிருக்கணும்."

"அங்க இறா கீதா?" என்று கேட்டுவிட்டு அம்மா கூடையை அலசப் போனாள்.

அதன் பிறகு நான் திருட்டு ஓட்டம் ஓடவில்லை. தூரத்தை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டினார். மூன்று வாரம் கூட்டினால் நாலாவது வாரம் குறைப்பார். வாரத்தில் ஒரே ஒரு நாள் வேகம், அதுவும் சும்மா பேருக்கு. மற்ற நாளெல்லாம் பேச்சுதான். இரண்டு மாதத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. நாடி அதே, பேச்சு அதே, ஆனால் கால் மட்டும் தானாக வேகம் பிடித்திருந்தது. மீன்காரப் பெண்களைத் தாண்டினேன். அடுத்த வாரம் ஒரு சைக்கிளைத் தாண்டினேன். சைக்கிள்காரருக்கு எழுபது வயது இருக்கும் என்பதை மாஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை.

தேர்வுக்கு முந்தைய வாரம்தான் நரகம். அதிகம் ஓடக் கூடாது, உடம்பு தேறட்டும் என்றார். நான் ஜெராக்ஸ் கடைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். அவர் பதற்றத்தில் பூட்டிக் கொடுத்த ஒரு எஞ்சின் ஏரி நடுவில் நின்றுபோய், நாலு பேர் துடுப்புப் போட்டுத் திரும்பி வந்தார்கள்.

தேர்வு நாள். விசில் ஊதியதும் எல்லாரும் பாய்ந்தார்கள். சேகர் முதல் வரிசையில் மறைந்தான். திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாருமே இல்லை. எனக்குச் சற்று முன்னால் மெதுவாக ஓடிய ஒருவரை எட்டிப் பிடித்துப் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் ஊர் ஏரி, அம்மா, ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் மாட்டிக்கொள்வது என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சாலையின் அந்தப் பக்கம் போய்விட்டார். தனியாகவே பேசினேன்.

பதினைந்தில் ஆட்கள் நடக்க ஆரம்பித்திருந்தார்கள். பதினெட்டாவது கல் கண்ணில் பட்டபோது எனக்கு நெஞ்சு அடித்த அடி ஓட்டத்தினால் அல்ல. தொடையைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே அந்தக் கல்லைத் தாண்டினேன். ஒன்றும் ஆகவில்லை. இருபத்தொன்றில் சேகர் தொடையைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருந்தான். முகத்தில் நான் நன்றாக அறிந்த பயம்.

நின்றால் எனக்கு நேரம் போகும். கால் நின்றுவிட்டது. மாஸ்டர் கொடுத்தனுப்பிய உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை அவனிடம் கொடுத்து, அவன் காலை நீட்டி மடக்கிவிட்டேன்.

"எழுந்திரு. பேசிக்கினே நட."

"இன்னாண்ணே பேசறது?"

"எதனா."

அவன் என்னையும் வெயிலையும் தேர்வு வைத்தவர்களையும் ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டே வந்தான். கால் பிடிப்பு விட்டதும் மெல்ல ஓடினோம். நாலு மணி நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது இரண்டு பேரும் கோட்டைத் தாண்டினோம்.

மாஸ்டர் வேலிக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "முடிச்சிட்டேன் மாஸ்டர்" என்றேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். காலையிலிருந்து ஒரு டீகூடக் குடிக்கவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார்.

வேலை கிடைத்தது. சேகருக்கும் கிடைத்தது. ஆனால் வேலையில் சேர்ந்த நாளைவிட, தேர்வு முடிந்து பொன்னேரியிலிருந்து திரும்பிய பஸ்தான் எனக்கு அதிகம் நினைவில் இருக்கிறது. மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்புவதற்குள் தலை என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டார். என் கால் இரண்டும் கல்லாகக் கனத்தன. திருப்பாலைவனம் நெருங்கும்போது டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார். மாஸ்டர் தலையை மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்த்தி, துண்டைச் சுருட்டி அணை கொடுத்துவிட்டு, கம்பிகளைப் பிடித்துப் பிடித்து முன்னால் போனேன்.

"கொஞ்சம் ஹாரன் அடிக்காம ஓட்டுங்க சார்" என்றேன். "எங்க அண்ணன் தூங்குறாரு."