ஜெர்மேன் அக்காவின் வெள்ளை சோபாவில் மூன்று பேர்

மடவாஸ்கா, மேய்ன்
பிப்ரவரி 26

பெருமதிப்புக்குரிய ஜெர்மேன் அக்காவுக்கு,

தம்பி ஃபெர்னான் பணிவோடு எழுதும் மடல். இங்கே நானும் என் வீட்டுக்காரி லுசிலும் எங்கள் கிழட்டு நாயும் மூச்சு விட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே புளோரிடா வெயிலில் உன் முழங்கால் வலி பாதியாவது கரைந்திருக்கும் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. ஒரு பழம்கூட அழுகவில்லை. ஞாயிறு பூசையில் பாதிரியார் உன்னை விசாரித்தார்.

முதலில் நல்ல செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். உன் வீட்டுக் கூரை அப்படியே இருக்கிறது. நான்கு சுவர்களும் நிற்கின்றன. தண்ணீர்க் குழாய் ஒன்றுகூட உறையவில்லை. வாசல் பனியை இன்று காலைதான் தள்ளினேன். மற்றபடி, அக்கா, வீடு கொஞ்சம் கறுத்திருக்கிறது. உள்பக்கம் மட்டும்.

நீ கிளம்பும்போது என்ன சொல்லிவிட்டுப் போனாய் என்பது எனக்கு மறக்கவில்லை. வாரம் இரண்டு முறை போய்ப் பார், செடிக்குத் தண்ணீர் ஊற்று, சூட்டை ஐம்பத்தைந்து ஃபாரன்ஹீட்டிலேயே வை, முன்னறைக்குள் காலெடுத்து வைக்காதே. நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதமும் நான் அந்த அறையை வாசலில் நின்று கோயிலைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். வெள்ளைக் கம்பளம், வெள்ளைத் திரை, பிளாஸ்டிக் உறை போட்ட வெள்ளை சோபா, அலமாரியில் உன் நாற்பத்தொரு வெள்ளைப் பீங்கான் கோழிகள். ஆனால் பிப்ரவரி மூன்றாம் தேதி ஒரு காரியம் செய்தேன். அதற்குக் காரணம் உன் எதிர்வீட்டு ரோஸேர். அவன் மனைவி இவெத் அக்டோபரில் இறந்துபோனதிலிருந்து அவன் தெருவைத் தாண்டவில்லை என்பது உனக்குத் தெரியாது. தாடி வளர்த்து, திரையை இழுத்துவிட்டு, டின்னில் இருக்கும் பட்டாணியை அப்படியே கரண்டியால் தின்றுகொண்டிருந்தான். நானும் நண்பன் ஒனேசிமும் எத்தனை முறை கூப்பிட்டாலும் கதவை ஒரு கை அகலம் திறந்து "இன்னைக்கு வேணாம்டா" என்பான். கடைசியில் நான் ஒரு பொய் சொன்னேன். "ஜெர்மேன் வீட்டுல குழாய் ஏதோ சத்தம் போடுது, ஒரு நிமிஷம் வந்து பாரு, உனக்குத்தான் குழாய் தெரியும்" என்றேன். பழைய மில் பைப் ஃபிட்டர் இல்லையா, குழாய் என்றதும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். உள்ளே ஒனேசிம் கிரிபேஜ் ஆட்டத்துக்குப் புள்ளி எண்ணும் பலகையோடும் சீட்டுக்கட்டோடும் தயாராக உட்கார்ந்திருந்தான். லுசில் ஒரு பானை கோழிக் குழம்பும் ஒரு அடுக்கு ப்ளோய் அப்பமும் கொடுத்தனுப்பியிருந்தாள்.

சமையலறையிலேயே உட்கார்ந்திருக்கலாம். ஒனேசிமுக்கு இடுப்பு அறுவை ஆனதிலிருந்து மர நாற்காலி ஆகாது. "முன்னறையில அந்த சோபா சும்மாதானே கெடக்கு" என்றான். பிளாஸ்டிக் உறை ஐஸ் கட்டியாக இருந்தது, அசைந்தால் பன்றி மாதிரி கீச்சிட்டது, அதனால் அதைக் கழற்றினோம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு, உள்ளே ஐம்பத்தைந்து. ரோஸேர் கோட்டைக் கழற்றாமல் எழுந்து போகப் பார்த்தான். வந்தவன் போய்விட்டால் இன்னும் நான்கு மாதம் வரமாட்டான் என்று எனக்குப் பயம். சூட்டை எழுபத்திரண்டுக்கு ஏற்றினேன். ஐந்து நிமிடம் ஆனது, பத்து நிமிடம் ஆனது, சூடு வரவில்லை. நிலவறைக்கு இறங்கிப் போனால் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் உலை செத்துக் கிடந்தது. பர்னர் மேல் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினேன். கொஞ்சம் உறுமியது, அடங்கிவிட்டது. பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, என் மூக்குக்கண்ணாடி மேலே அறையில் இருந்ததால் நான் படிக்கவில்லை.

"என்னடா ஆச்சு?" என்று ஒனேசிம் மேலிருந்து கத்தினான்.

"நின்னு போச்சுடா!"

"திரும்ப அமுக்கு! நான் முப்பது வருஷம் மில்லுல எலக்ட்ரீசியன். மெஷினுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. நாம விடக்கூடாது!"

விடவில்லை. ஐந்து முறை அழுத்தினேன், அக்கா. ஐந்தாவது முறை உறுமல் நிற்காமல் தொடர்ந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து மேலே ஏறி வந்து, சோபாவில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, சீட்டைக் கையில் எடுத்தேன். இரண்டு ஐந்து, ஒரு ஜாக் வந்திருந்தது. இந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்கு வந்த நல்ல சீட்டு அது ஒன்றுதான். அதைக் கீழே வைப்பதற்குள் நிலவறையில் ஒரு மூஸ் மான் தும்மியதுபோல ஒரு சத்தம். தரையிலிருந்த காற்றுத் துவாரங்கள் எல்லாவற்றிலிருந்தும் ஒரே நேரத்தில் கறுப்பு எழும்பியது. புகை என்று சொல்லமாட்டேன், புகையென்றால் அசையும், கலையும். இது நிதானமாக எழுந்து, அறை முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டு, எல்லாப் பொருள் மேலும் சாவகாசமாக உட்கார்ந்தது. கம்பளத்தில், திரையில், குழம்பில், கோழிகளில், எங்களில்.

நான் ஓடிப்போய் படிக்கட்டு உச்சியிலிருந்த உலை சுவிட்சை அணைத்தேன். திரும்பி வந்தால் ஒனேசிமின் முகத்தில் கண்ணும் பல்லும் மட்டும் இருந்தன. சீட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தான். "ஃபெர்னான்," என்றான் மெதுவாக, "இப்ப சூடு வந்துடுச்சுன்னு நெனைக்கிறேன்." அப்போது ஒரு சத்தம் கேட்டது. ரோஸேருக்கு மூச்சடைக்கிறது என்று பயந்து முதுகில் தட்டினேன். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், அக்கா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கறுத்த கன்னத்தில் கண்ணீர் இரண்டு வெள்ளைக் கோடு போட, "குழாய் சத்தம் போடுதுன்னியேடா, குழாய் சத்தம் போடுதுன்னியே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. நீ அறிவதற்கு முன் துடைத்துவிடலாம் என்று வாளியில் சோப்புத் தண்ணீர் கரைத்து, உன் நல்ல துண்டுகளை நனைத்து, சுவரைத் தேய்த்தோம். கறுப்பாக இருந்த சுவர் கறுப்பும் வழவழப்புமாக ஆனது. ஒனேசிம் தேய்த்த இடத்தில் மட்டும் ஒரு ராட்சசன் கை வைத்ததுபோல ஐந்து அடிக்கு இழுப்பு. அதற்குள் உலை பழுதுபார்க்கும் நார்மன் வந்தான். கீழே போய்ப் பார்த்துவிட்டு மேலே ஏறி வந்து தொப்பியைக் கழற்றினான்.

"அண்ணே, அந்தப் பொத்தானை எத்தனை தடவ அமுக்குனீங்க?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"அண்ணே."

"அஞ்சு."

"ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் உள்ள எண்ணெய் பீய்ச்சும். தீப்பொறி ஒழுங்கா விழலேன்னா அத்தனையும் உள்ளயே தேங்கி நிக்கும். அஞ்சாவது தடவ பொறி விழுந்துது, மொத்தமா பத்திக்கிச்சு. 'ஒரு தடவைக்கு மேல் அழுத்தாதே'ன்னு ஒட்டியிருக்கே, நானே ஒட்டுனது. பாக்கலியா?"

"கண்ணாடி மேல இருந்துது தம்பி."

அவன் அன்றே பழைய பர்னரை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று பொருத்திவிட்டான், அதனால்தான் குழாய்கள் தப்பின. ஆனால் கரி எடுப்பது தன் வேலை இல்லை என்று சொல்லி க்ளாடெட் என்ற அம்மாளின் நம்பரைக் கொடுத்தான். அந்த அம்மாள் மறுநாள் காலை வந்தாள். ஆள் ஐந்தடிகூட இல்லை. குரல் மில் சங்கு மாதிரி. ஈரத் துண்டைப் பார்த்ததும், "தண்ணி தொட்டது யாரு?" என்று கேட்டாள். நாங்கள் மூவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல ஜன்னலைப் பார்த்தோம். கரியை ஈரம் படாமல்தான் எடுக்க வேண்டுமாம். ரப்பர் போன்ற ஒரு காய்ந்த ஸ்பாஞ்சு இருக்கிறது, அதை அழுத்தாமல் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு, பிறகு திருப்பிப் பிடித்து அடுத்த இழுப்பு. அலமாரிக்குள், மூடிய பெட்டிக்குள், ஃபிரிட்ஜுக்குள் முட்டை அட்டைக்குள்கூடக் கரி போயிருந்தது.

என் மானம் போன இடத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறர் சொல்லி நீ கேட்க வேண்டாம். காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும், சம்பவத்தின்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்று க்ளாடெட் கேட்டாள். ரோஸேரையும் ஒனேசிமையும் இதில் இழுக்கக் கூடாது என்று நினைத்து, "நான் மட்டுந்தான்" என்றேன். அந்த அம்மாள் முன்னறைக்குள் போய் சோபாவைப் பார்த்தாள். சோபா முழுக்க அட்டக் கறுப்பு. அதில் மட்டும் மூன்று வெள்ளை உருவம், முதுகும் இடுப்புமாக, அச்சு எடுத்ததுபோல உட்கார்ந்திருந்தது.

"நீங்க மட்டுமா ஐயா?"

"ஆமாம்மா. நான் கொஞ்சம் மாறி மாறி உட்காருவேன்."

"மூணு சைசுலயுமா?"

பின்னாலிருந்து ஒனேசிம் சிரித்துவிட்டான். "நடுவுல இருக்கறவரு நல்லா சாப்பிடறவரு போல" என்று க்ளாடெட் சொன்னதும் ரோஸேரும் சேர்ந்துகொண்டான். உண்மையை அப்படியே எழுதிக்கொடுத்துவிட்டேன், அக்கா. சோபாவைக் காப்பாற்ற முடியவில்லை. தூக்கிக்கொண்டு போகும்போது ஒனேசிம் தன் உருவத்துக்குத் தொப்பியைத் தூக்கி மரியாதை செய்தான்.

இன்னொரு விஷயம். உன் வீட்டு மூலைகளில் எல்லாம் கறுப்பாக ஒட்டடை தொங்கியது. ஒனேசிம் அதைப் பார்த்துவிட்டு மளிகைக்கடையில் போய், "ஜெர்மேன் வீட்டுலயே இவ்ளோ ஒட்டடைன்னா நம்ம பொண்டாட்டிங்களைக் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல" என்று பேசிவிட்டான். அது ஒட்டடையே இல்லை. கரித்துகள்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நூல்போலக் கோத்துத் தொங்குமாம், சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று க்ளாடெட் சொன்னாள். நான் அவளையே மளிகைக்கடைக்கு அழைத்துப் போய், ரொட்டி அடுக்கின் முன்னால் நிற்க வைத்து, எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வைத்தேன். உன் பேர் இப்போது சுத்தமாக இருக்கிறது. வீட்டைவிடச் சுத்தமாக இருக்கிறது.

ரோஸேரைப் பற்றி நீ தவறாக நினைக்காதே. மூன்று வாரமாகத் தினமும் காலை ஏழரைக்கு இவெத்தின் பூப்போட்ட ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வருகிறான். தாடியை எடுத்துவிட்டான். கோழிகளை வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, சின்னத் தூரிகையால் ஒவ்வொரு கோழியின் இறகு இடுக்கையும் துடைக்கிறான். ஒரு கோழிக்கு அரைநாள். ஒருநாள் நான், "இத்தனை மெதுவாப் பண்ணா ஈஸ்டர் வந்துடும்டா" என்றேன். அவன் தலை நிமிராமல் சொன்னான்: "நாலு மாசமா காலைல எந்திரிக்கிறதுக்கு எனக்கு ஒரு காரணமும் இல்லடா ஃபெர்னான். இப்ப பன்னெண்டு கோழி பாக்கி இருக்கு. அவசரப்படுத்தாதே." நான் சமையலறைக்குப் போய் ஏற்கெனவே துடைத்த தட்டுகளை இன்னொருமுறை துடைத்தேன்.

ஆகவே அக்கா, நான் கேட்டுக்கொள்வது இதுதான். தயவுசெய்து ஈஸ்டருக்கு முன் புறப்பட்டு வராதே. முன்னறைக்கு இன்னும் ஒரு பூச்சு அடிக்க வேண்டும். கம்பளம் வரவில்லை. மாடியில் வாடை இருக்கிறது. திட்டுவதென்றால் என்னை மட்டும் திட்டு. பொத்தானை அழுத்திய விரல் என்னுடையது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்: இப்படியெல்லாம் ஆகும் என்று முன்பே தெரிந்திருந்தாலும் அன்றைக்கு ரோஸேரைக் கூப்பிட்டிருப்பேன். பொத்தானை ஒரு தடவைதான் அழுத்தியிருப்பேன்.

லுசில் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். ஒனேசிம் மன்னிப்பைச் சொல்லச் சொன்னான். கடவுள் உன் முழங்காலையும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை உன் ரத்த அழுத்தத்தையும் காப்பாராக.

உன் கீழ்ப்படியாத, ஆனால் பாசமுள்ள தம்பி,
ஃபெர்னான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது ரோஸேர் வந்தான். யாருக்குக் கடிதம் என்று கேட்டான், சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு தரையைப் பார்த்தான். கோழிகளை எந்த வரிசையில் அடுக்கி வைப்பது என்று தெரியாமல் இரண்டாம் நாளே உனக்கு ஃபோன் செய்துவிட்டானாம். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் பேசுகிறீர்களாம். பொத்தான், சோபா, குழம்பு, மளிகைக்கடை, எல்லாம் உனக்குத் தெரியுமாம். நானாகச் சொல்ல எத்தனை நாள் ஆகிறது என்று பார்ப்பதற்காக, அவன் வாயைத் திறக்கக் கூடாது என்று நீதான் சொல்லி வைத்தாயாம். வியாழக்கிழமை விமானத்தில் வருகிறாயாமே, பிரெஸ்க் ஐல் விமான நிலையத்துக்கு அவன்தான் கார் எடுத்துக்கொண்டு வரப்போகிறானாம். ஆக, நீ ஒன்றும் அறியாய் என்று நான் எழுதிய இத்தனை பக்கமும் வீண். தபாலில் போட்டாலும் பயனில்லை, நீ வந்ததும் கையிலேயே தருகிறேன். ரோஸேர் இன்று முடி வெட்டிக்கொண்டு, புதுச் சட்டை ஒன்றும் வாங்கி வந்திருக்கிறான். கார் ஓட்ட எதற்குடா புதுச் சட்டை என்று கேட்டேன். லுசில் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.