ஒன்பது பி கேமராவும் என் மைக் பேச்சும்

என்னை மைக் முன்னால் நிறுத்தினால் முதல் இரண்டு நிமிஷத்துக்கு நான் மனுஷி. மூன்றாவது நிமிஷத்தில் என் குரல் எனக்கே பிடித்துப்போய்விடும். அதற்குப் பிறகு வாயில் வருவதற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. இந்த வியாதி இப்போது குணமாகிவிட்டது. குணமான கதையைத்தான் சொல்லப்போகிறேன். சிரிப்புக் கதை என்றுதான் எங்கள் வீட்டில் பேர். எனக்கு என்னவோ இன்றைக்கும் சொல்ல ஆரம்பித்தால் காது சூடாகிறது.

தொண்ணூறுகளின் கடைசி. பாளையங்கோட்டையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் தமிழ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வயது இருபத்து மூன்று. ஒரு வருஷம் தற்காலிகம், அப்புறம் தாளாளர் மனசு வைத்தால் நிரந்தரம். தாளாளருக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. செவ்வாய்க்கிழமை தவறாமல் திருச்செந்தூருக்குப் போய்விடுவார். அந்த வருஷம் மச்சினன் கூப்பிட்டான் என்று சிங்கப்பூருக்கும் போய்விட்டு வந்தார். அங்கேதான் சனி பிடித்தது.

"அங்கன ஒரு கடையில கேமரா வச்சிருக்கான் டீச்சர். கள்ளன் சாமானை எடுத்துட்டு வெளிய வாரதுக்குள்ள வாசல்ல போலீஸ் நிக்கான்!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியில் ஒரு கேமராவும் வாங்கி வந்திருந்தார். எங்கள் பள்ளியில் கள்ளன் இல்லை என்பதுதான் ஒரே குறை. அந்த நேரம் பார்த்து ஒன்பது பி வகுப்பின் சுவர்க் கடிகாரம் காணாமல் போனது. தாளாளர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கடிகாரம் தொங்கிய ஆணிக்கு மேலேயே கேமராவை மாட்டினார். அடுத்த மாதம் கடிகாரம் வந்துவிட்டது. (அட்டெண்டர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுச் சொல்ல மறந்திருக்கிறார்.) கடிகாரத்தைப் பக்கத்துச் சுவரில் மாட்டினார்கள். கேமரா இருந்த இடத்திலேயே இருந்தது.

அதிலிருந்து ஒரு வயர் தாளாளர் அறைக்குப் போனது. அங்கே ஒரு சின்னக் கறுப்பு வெள்ளை டிவி. படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. தாளாளர் காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ஒன்பது பி பார்ப்பார். அவ்வப்போது அட்டெண்டர் துண்டுச் சீட்டோடு வருவார். "மூணாவது பெஞ்ச், நீலப் பொட்டு, கொட்டாவி விடக் கூடாது." கறுப்பு வெள்ளை டிவியில் பொட்டு நீலம் என்று எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பதினாலு வயசுப் பெண்பிள்ளைகள் நாள் முழுக்கத் தாவணியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, தலை அரித்தால்கூடச் சொறியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்து, பிள்ளைகளுக்கு என்ன ஒழுக்கம் வந்துவிட்டது என்று நான் பூரித்துப்போனேன்.

கோமதி என்று ஒருத்தி, வகுப்பிலேயே வாய் நீளமானவள், ஒருநாள் எழுந்து கேட்டாள்.

"டீச்சர், சார் எங்களை எப்பப் பாக்காக, எப்பப் பாக்கலைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஒழுங்கா இருக்கிற பிள்ளைக்கு எப்பப் பாத்தா என்ன பயம்?" என்றேன். சொல்லிவிட்டு, எவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டோம் என்று கரும்பலகைப் பக்கம் திரும்பிச் சிரித்தும் கொண்டேன். இந்த வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது மறுபடி வந்து என் கன்னத்தில் அறையும்.

பெற்றோர்களுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. "பொம்பளப் பிள்ளைக படிக்குத எடத்துல கேமரா எதுக்குவே?" என்று ஓர் அப்பா தாளாளர் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். உடனே பெற்றோர் கூட்டம் என்று அறிவிப்பு. தாளாளர் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, நான் பேசினா எதுத்துப் பேசுவாக. ஒரு பொம்பளை பேசினா அடங்கிருவாக. நீங்க பேசுங்க. ஒங்க வேலை விசயத்தையும் மனசுல வச்சிருக்கேன்."

மனசில் வைத்திருக்கிறாராம்! அன்று ராத்திரியே நாலு பக்கம் எழுதினேன். ஒரு வாரம் வீட்டில் நான் ஒத்திகை பார்த்ததில் எங்கம்மா பக்கத்து வீட்டுக்கே குடிபோகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். சித்தியின் பட்டுச் சேலையை இரவல் வாங்கினேன். கழுத்தில் மாலை இல்லாத குறைதான்.

சனிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் கூட்டம். பிள்ளைகளெல்லாம் சாப்பிட்டுவிட்டு விளையாட்டு விழா ஒத்திகைக்கு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். ஹாலில் தாளாளர் வீட்டுப் பெரிய டிவியைக் கொண்டுவந்து மேடையில் வைத்து, கேமரா வயரை அதற்கு இழுத்திருந்தார்கள். வாசலில் நான் நின்று வரவேற்றுக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். விரலெல்லாம் பீடிப் புகையிலை வாசம்.

"இசக்கியம்மா தாயாரு நான். நீங்கதான் தமிழ் டீச்சரா? நல்லா இருக்கணும் நீங்க. எங்க வீட்டுல ஒங்க பேரைச் சொல்லித்தான் சாப்பிடுதோம்."

இசக்கியம்மாள் கடைசி பெஞ்ச். பேசவே மாட்டாள். என் பாடம் அவளுக்குள் இவ்வளவு தூரம் இறங்கி, வீட்டில் சோற்றோடு சோறாக என் பேரைச் சொல்கிறார்களா என்று எனக்குப் புல்லரித்தது. "அதெல்லாம் என் கடமைம்மா" என்றேன். (எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பாராட்டைப் போய் யாராவது எதற்கு என்று கேட்பார்களா?)

மைக் பிடித்தேன். இரண்டு நிமிஷம் மனுஷியாகப் பேசினேன். மூன்றாவது நிமிஷத்தில் ஆரம்பித்துவிட்டது. "பெற்ற தாய் அடுப்படியில் இருக்கும்போது பிள்ளையைப் பார்க்க இன்னொரு தாய் வேண்டாமா? அந்தத் தாய்தான் கேமரா!" என்றேன். கைதட்டினார்கள். "தாய் தூங்குவாள், கேமரா தூங்குமா?" என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். தாளாளர் சைகை காட்ட, டிவியைப் போட்டார்கள். காலி வகுப்பறை தெரிந்தது. பெஞ்சுகள், பின்சுவர் ஓரம் வரிசையாகச் சாப்பாட்டு வயர்கூடைகள்.

அப்போது ஒரு பெண் கதவைத் தள்ளிக்கொண்டு பைய உள்ளே வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். வயர்கூடைகளின் முன்னால் உட்கார்ந்தாள். முதல் கூடையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்துத் திறந்து, அதிலிருந்ததைத் தன் தூக்குச்சட்டியில் போட்டாள். மூடி வைத்தாள். அடுத்த கூடையைத் திறந்தாள். அதற்கடுத்தது. முன்னூறு பேர் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் வாயில்தான் மைக் இருந்ததே.

"பாருங்கள்! நான் சொல்ல வேண்டியதே இல்லை. கையும் களவுமாக! நம் கண் முன்னாலேயே! கேமரா இல்லையென்றால் இது யாருக்குத் தெரிந்திருக்கும்?"

ஹாலே எழுந்து நின்றது. "யாரு பிள்ளை அது?" என்று கூச்சல். அவள் திரும்பியபோது முகம் தெரிந்தது. இசக்கியம்மாள். தாளாளர் வெற்றிச் சிரிப்போடு அட்டெண்டரை அனுப்பினார். அந்தப் பிள்ளையைத் தூக்குச்சட்டியோடு மேடைக்குக் கூட்டிவந்தார்கள். அவள் பின்னாலேயே கோமதியும் நாலைந்து பிள்ளைகளும் மைதானத்திலிருந்து ஓடி வந்தார்கள். கோமதி மூச்சு வாங்க என் முன்னால் வந்து நின்றாள்.

"டீச்சர், அது எங்க சோறு. நாங்கதான் அவளுக்கு எடுத்து வச்சோம்!"

நான் மைக்கை இறக்கவில்லை. அவள் சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது.

"தெனமும் சாப்பிட உக்காரும் முன்னாலயே ஆளுக்கு ஒரு பங்கு எடுத்து டிபன் பாக்ஸ் மேல்தட்டுல வச்சிருவோம். எச்சில் இல்ல. அவ அப்பா கீழ விழுந்து நடக்க முடியாமக் கெடக்காரு. எல்லாரும் பாக்கக் குடுத்தா அவ வாங்க மாட்டா. அதான் சார் வீட்டுக்குச் சாப்பிடப் போன பொறவு, யாரும் இல்லாதப்ப அவளே எடுத்துக்கிடுவா. இதுல என்ன டீச்சர் களவு?"

பதினாலு வயசுப் பிள்ளைகள் ஆறு பேர், ஒருத்தி தலை குனியக் கூடாது என்று இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். எம்.ஏ. படித்த நான் அதை மைக்கில் களவு என்றேன். கேமராவுக்கு மூளை இல்லை, மன்னித்துவிடலாம். எனக்கு என்ன கேடு?

இசக்கியம்மாளின் தாய் நடுவரிசையிலிருந்து எழுந்து மேடைக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"தமிழ் டீச்சர் குடுத்தாகன்னுல்லா இவ வீட்டுல சொன்னா" என்றாள். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. மகள் கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கி மேஜை மேல் வைத்துவிட்டு, அவளைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதற்கப்புறம் தாளாளர் என் கையிலிருந்து மைக்கை வாங்கினார். ஒரு மன்னிப்புக் கேட்பார் என்று நம்பினேன்.

"சரி, களவு இல்ல. ரொம்ப சந்தோசம். ஆனா பாத்தியளா, கேமரா எவ்வளவு சுத்தமாக் காட்டுது!"

கைதட்டினார்கள். ஆமாம், கைதட்டினார்கள். என் தாய் வசனத்துக்குத் தட்டிய அதே கைகள். இருபது வருஷமாக எனக்கு ஆறாத கோபம் அந்தக் கைதட்டலின் மேல்தான்.

ஒரு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா மடியில் இலையும் தூளும் பரப்பிய சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். மன்னிப்புக் கேட்டேன்.

"எம்மவ களவாண்டிருந்தா நானே ரெண்டு அடி போட்டிருப்பேன் டீச்சர். அத்தோட தீந்திருக்கும். ஊரைக் கூட்டி வச்சு எங்க பசியைக் காட்டிட்டியளே" என்றாள்.

அதற்குள் மகளுக்கு டி.சி. வாங்கி அரசுப் பள்ளியில் சேர்த்தாயிற்று. இசக்கியம்மாள் உள்ளேயிருந்து வெளியே வரவே இல்லை. காப்பியை மட்டும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வந்தேன். (அதற்கு மட்டும் வாய் இருந்தது.)

அடுத்த மாதம் ஆயுத பூஜை. "பள்ளிக்கூடத்து சாமான் ஒண்ணு விடாம சந்தனம் குங்குமம் வைங்க" என்று தாளாளர் உத்தரவு. மணி, உலக உருண்டை, ஆய்வகத் தராசு, பள்ளி வேன் எல்லாவற்றுக்கும் டீச்சர்கள் ஆளாளுக்கு வைத்தோம். ஒன்பது பி-க்கு நானே போனேன். ஸ்டூலில் ஏறி, கேமராக் கண்ணில் ஒரு கை சந்தனத்தை அப்பி, நடுவில் தாராளமாகக் குங்குமமும் வைத்தேன். (சந்தனத்தோடு கைவேலை வகுப்புக் கோந்தும் கலந்திருந்தது. இதை இன்றுதான் ஒப்புக்கொள்கிறேன்.)

விடுமுறை முடிந்து தாளாளர் டிவியைப் போட்டால் ஒரே இருட்டு. அட்டெண்டர் ஈரத் துணியோடு கிளம்பினார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"பூசையில வச்ச சந்தனத்தைத் தொடைக்கலாமா சார்? தானா உதிரணும்லா?"

அது செவ்வாய்க்கிழமை. திருச்செந்தூருக்குப் புறப்பட்டு நின்ற மனுஷன், நெற்றித் திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். துணி திரும்பிப் போனது. முழுப் பரீட்சை வரை அது உதிரவில்லை. அதற்குள் வயரை எலி கடித்துவிட்டது. ஒன்பது பி பிள்ளைகள் நிம்மதியாகத் தலையைச் சொறிந்துகொண்டார்கள். இசக்கியம்மாளுக்கு இதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கு வேலை நிரந்தரமானது. "கூட்டத்துல பேசின பேச்சுக்குத்தான்" என்று தாளாளரே சொன்னார். வாங்கிக்கொண்டேன்.

போன வருஷம் என் மகள் படிக்கும் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்புக்கு இரண்டு கேமராவாம், இனி நாமே போனில் பார்க்கலாமாம். நான் எழுந்து, யார் யார் பார்ப்பார்கள், எப்போதெல்லாம் பார்ப்பார்கள் என்று கேட்டேன். பள்ளி முதல்வர் இனிமையாகச் சிரித்தார்.

"ஒழுங்கா இருக்கிற பிள்ளைக்கு எப்பப் பாத்தா என்ன பயம் மேடம்?"

என் வாக்கியம்! எழுத்து மாறாமல்! அன்றைக்கு மைக் இல்லாமலே நான் போட்ட சத்தத்தில் மூன்று வகுப்புகள் வெளியே வந்து எட்டிப் பார்த்தன. பக்கத்தில் இருந்த என் மகள் காதோடு கேட்டாள். "அம்மா, சந்தனம் கொண்டாந்திருக்கியா?"

வீட்டில் இது நிரந்தர வேடிக்கை. சாப்பாட்டுத் தட்டு போட்டதும் என் கணவர் கையைக் கூப்பி, "டீச்சர், ஒங்க பேரைச் சொல்லித்தான் சாப்பிடுதோம்" என்பார். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரிப்பேன். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட, அதைக் கேட்டபின் முதல் வாய்ச் சோறு எனக்குச் சுலபமாக இறங்கியதில்லை.